டவர் கிடைக்கல

எங்கள் பக்கம் 'டவர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். இரும்பில் நிற்பது ஒன்று. போன் திரையின் மூலையில் ஏறி இறங்கும் கோடுகள் இன்னொன்று. "டவர் கிடைக்கல, மாடிக்குப் போய்க் கூப்பிடுறேன்" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிற அதே தெரு, 2019 தை மாதக் கடைசியில் "டவர் வேண்டாம்" என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கியது. மனுவை எழுதியது நான்தான். அக்கவுண்ட்ஸ் வேலை பார்ப்பவள் எழுதினால் பிழை இருக்காது என்று தெருவில் ஒரு நம்பிக்கை.

மதுரையில் வைகைக்கு வடகரையில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், இங்கே கீழே வாடகைக்கு ஒரு குடும்பம், மேலே மொட்டைமாடி காலி. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மினி லாரி ஒன்று வந்து இரும்புக் குழாய்களை இறக்கியது. நான்கு வடநாட்டுப் பையன்கள் கயிறு கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். ஒரு பையன் சிரித்தபடி வானத்தைக் காட்டி "டவர், டவர்" என்றான். எங்கள் தெருவுக்கு வந்த அதிகாரபூர்வ அறிவிப்பு அவ்வளவுதான்.

சாயங்காலம் பிள்ளையார் கோவில் வேப்பமரத்தடியில் கூட்டம். எதிர்வீட்டுத் தாத்தாதான் முதலில் பேசினார். வாயிலிருந்த வெற்றிலைப் பாக்கை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "கண்டிப்பா கேன்சர் வரும்த்தா, சொல்லிப்புட்டேன்" என்றார். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் கையில் ஒரு தாளே வைத்திருந்தார். பின்தெருவில் பத்து வருஷமாக ஒரு டவர் நிற்கிறது, அது வந்தபிறகு அந்தப் பக்கம் நான்கு பேருக்குப் புற்றுநோய் என்று பெயரோடு வாசித்தார். சட்டம் படிக்கிற பையன் ஒருவன் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். குவாலியரில் வீட்டு வேலை செய்து பிழைத்த ஒருவர், தான் வேலை பார்த்த வீட்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த டவரால்தான் தனக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது என்று வழக்குப் போட, 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த டவரை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னது. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சுக்கா." அப்புறம் மனு எழுத வேறு காரணம் எதற்கு?

எனக்கும் பயம்தான். என் பையனுக்கு அப்போது ஆறு வயது. அவன் படுக்கிற அறை ஜன்னலைத் திறந்தால் அந்த மாடி. ஆனால் மனுவில் "புற்றுநோய் உண்டாக்கும் கதிர்வீச்சு" என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. கணக்கு வேலையின் புத்தி அது. வவுச்சர் இல்லாமல் ஒரு வரி எழுதக் கை வராது. எழுதிவிட்டேன். ஆனால் வவுச்சரைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் என்னைத் தொந்தரவு செய்தது அந்தச் சொல்தான். கதிர்வீச்சு. 2011, 2012-இல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் மக்கள் உட்கார்ந்திருந்த நாள்களில்தான் அது தமிழ்நாட்டு வீடுகளுக்குள் முழுசாக நுழைந்தது. செர்னோபில், ஃபுக்குஷிமா படங்களோடு சேர்ந்து நுழைந்தது. அதே சமயத்தில்தான் டவர் பற்றிய செய்திகளும் வர ஆரம்பித்தன, அவற்றுக்கும் அதே சொல். எக்ஸ்ரே, அணு உலை, வெயில், செல்போன், எல்லாம் நமக்குக் கதிர்வீச்சு. ஆனால் கோடைப் பண்பலை 100.5-ஐ யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. மலையிலிருந்து புறப்பட்டு இரவும் பகலும் நம் உடம்பு வழியாகத்தான் அதுவும் போகிறது. அதற்கு 'ரேடியோ' என்று பெயர், அதனால் பாட்டு கேட்கிறோம்.

செல்போன் அலையும் ரேடியோ அலையும் ஒரே இனம். 1800 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றல், நம் கண்ணில் படும் சாதாரண வெளிச்சத்தின் துகளைவிடச் சில லட்சம் மடங்கு குறைவு. எக்ஸ்ரே செய்வதுபோல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து, மரபணுவை நேரடியாக உடைக்கும் தெம்பு அதற்கு இல்லை. துகள்களை எவ்வளவு கூட்டினாலும் அந்த வேலை நடக்காது, சூடுதான் ஏறும். மைக்ரோவேவ் அடுப்பு செய்வது அதைத்தான். ஆகவே கேள்வி, எவ்வளவு சூடு, எவ்வளவு தூரத்தில் என்பதாக மாறுகிறது. சூட்டைத் தவிர வேறு ஏதாவது நுணுக்கமான வழியில் பாதிப்பு வருமா என்று முப்பது வருஷமாகத் தேடுகிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு சங்கடம். மாடியில் மூன்று கம்பங்கள் நட்டு, நீளப் பெட்டி மாதிரி வெள்ளைப் பேனல்களைப் பொருத்திய அன்றிலிருந்து என் மாமியாருக்குத் தலைவலி. நெற்றியைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டார். ராத்திரி தூக்கம் இல்லை. காதுக்குள் ஏதோ ரீங்காரம் என்றார். கட்டிலை அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு மாற்றினோம், கொஞ்சம் பரவாயில்லை என்றார். இரண்டு வாரம் கழித்து, வேலையைப் பார்க்க வந்த சூப்பர்வைசர் தம்பியிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் முழித்தார். "இன்னும் ஈபி சர்வீஸே வரலக்கா. பேனலுக்கு ஒயரே குடுக்கல. சும்மா பெட்டி நிக்குது."

இதை மாமியாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் சொல்லவில்லை, வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தலைவலி நிஜம். மாத்திரை போட்டால்தான் அடங்கியது. காரணம்தான் வேறு.

பிற்பாடு படித்தபோது, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று தெரிந்தது. 2009-இல் ஜோஹன்னஸ்பர்க் புறநகரான கிரேகாவனில் ஒரு டவரால் தோல் தடிப்பு, தலைவலி, தூக்கமின்மை என்று மக்கள் புகார் செய்தார்கள். புகார்கள் தொடர்ந்துகொண்டிருந்த காலத்தில் வாரக்கணக்கில் அந்த டவர் அணைக்கப்பட்டே கிடந்தது என்று நிறுவனம் பிறகு வெளியிட்டது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே முறையாகச் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். டவர் அலை தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 44 பேர், சாதாரணமானவர்கள் 114 பேர். அலை ஓடுகிறது என்று சொல்லிவிட்டு ஓட்டினால் முதல் கூட்டத்துக்கு உடம்பு படுத்தியது. சொல்லாமல் ஓட்டியபோது, ஓடுகிறதா இல்லையா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஓடியபோது உடம்பு கூடுதலாகப் படுத்தவும் இல்லை. பயத்தால் வரும் வலியும் வலிதான். மாமியாரிடம் இந்த ஆராய்ச்சியைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

தலைமையாசிரியரின் தாளுக்கு வருவோம். நான்கு பெயர்களில் ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய், ஆயுள் முழுக்கப் புகையிலை போட்டவர். ஒரு அம்மாவுக்கு மார்பகம். ஒருவருக்கு வயிறு. நாலாமவர் அந்தத் தெருவுக்குக் குடிவந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வரும் என்பது மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுக் கணக்கு. இருநூறு பேர் வாழும் தெருவில் அவர்கள் வாழ்நாளுக்குள் இருபதுக்குமேல் என்று வருகிறது. டவர் இல்லாத தெருவில் உட்கார்ந்து யாராவது பெயர் எழுதியிருந்தால் அங்கேயும் நான்கு பெயர் கிடைத்திருக்கும். யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். இதைச் சாரிடம் பணிவாகச் சொன்னேன். "கணக்கு சரிம்மா, ஆனா மனசு கேக்கலையே" என்றார். அந்தப் பெயர்களில் மார்பகப் புற்றுநோய் வந்தவர் அவருடைய தங்கை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

தெரு அளவில் எண்ணுவதை நாட்டளவில் செய்தால் என்ன வருகிறது? பிரிட்டனில் சிறு வயதிலேயே புற்றுநோய் வந்த 1,397 குழந்தைகளையும், ஒப்பீட்டுக்கு வேறு 5,588 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, தாய் கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்கும் டவருக்கும் எவ்வளவு தூரம், அலை எவ்வளவு எட்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2010-இல் வெளியான ஆய்வு. இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. போனையே காதில் வைத்துப் பேசுவது பற்றிய ஆய்வுகள் இன்னும் அதிகம். அவற்றையெல்லாம் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 2024-இல் ஒரு மீளாய்வு வந்தது. 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகள். மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. ஒலிபரப்பு, செல்போன் டவர்களுக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும்கூடத் தொடர்பு தெரியவில்லை.

"அப்ப அந்த உலக சுகாதார ஆளுங்களே கேன்சர் லிஸ்ட்ல போட்டிருக்காங்களே?" என்று அந்தச் சட்டப் படிப்புத் தம்பி அப்போதே மடக்கியிருந்தான். போட்டிருக்கிறார்கள். 2011 மே மாதம் லியோன் நகரில் கூடி, ரேடியோ அலைகளை '2பி' வகையில் சேர்த்தார்கள். புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் இருக்கலாம், சான்று போதாது என்று பொருள். அதிலும் முக்கியமாகப் பார்த்தது காதோடு வைத்துப் பேசும் போனை. அந்தப் பட்டியலை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. ஆசிய நாட்டுக் காய்கறி ஊறுகாய் வகை ஒன்றும் அதே 2பி-யில் இருக்கிறது. நிச்சயமாக உண்டாக்கும் என்ற முதல் வகையில் இருப்பவை எவை தெரியுமா? புகையிலை, மது, வெயில், 2012 முதல் டீசல் புகை. அப்புறம் பாக்கு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே முதல் வகை. வேப்பமரத்தடியில் தாத்தா கன்னத்தில் ஒதுக்கியது அதைத்தான். (அவரிடமும் சொன்னேன். "எங்கப்பன் தொண்ணூறு வயசுவரை போட்டாரு" என்று முடித்துவிட்டார்.)

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு வருஷம், உடம்பு முழுக்கப் பலமான அலையில் வைக்கப்பட்ட ஆண் எலிகளுக்கு இதயத்தில் ஒரு அரிய வகைக் கட்டி கூடுதலாக வந்தது. பெண் எலிகளுக்கு அப்படித் தெளிவாக இல்லை. அலையில் வைத்த ஆண் எலிகள் வைக்காதவற்றைவிட அதிக நாள் உயிரோடும் இருந்தன, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் வாதாடுகிறார்கள். இத்தாலியில் ராமசினி நிறுவனம் டவர் அலை மாதிரியே வைத்து 2,448 எலிகளிடம் செய்ததில், இருப்பதிலேயே கூடுதலான அளவில் அதே கட்டி ஆண் எலிகளில் தென்பட்டது. அந்த அளவு, சதுர மீட்டருக்கு சுமார் 6.6 வாட். இந்தியா 2012-இல் வைத்த வரம்பைவிட ஏழு மடங்கு. விலங்கு ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்து 2025-இல் வந்த மீளாய்வு, ஆண் எலிகளின் விஷயத்தில் சான்று வலுவாக இருப்பதாகவே சொன்னது. எனவே "ஒன்றுமே கிடையாது, போய் வேலையைப் பாருங்கள்" என்று கையை உதறுகிற ஆள்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. மனிதர்களிடம் இவ்வளவு வருஷம் தேடியும் தெரியவில்லை, எலிகளிடம் பெரிய அளவில் ஏதோ தெரிகிறது. என் பையனின் ஜன்னலுக்கு அந்த அளவில் எவ்வளவு வருகிறது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்கு இந்திய வரம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியிலிருந்து இயங்கும் ஒரு பன்னாட்டு ஆணையம், உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறும் அளவைக் கண்டு, அதை ஐம்பதால் வகுத்துப் பொதுமக்களுக்கான வரம்பாக வைத்தது. 1800 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 9 வாட். நம் தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களுக்கு அதையும் பத்தால் வகுத்தது. 1800-க்கு சுமார் 0.9 வாட், 900-க்கு 0.45. அந்தப் பத்துக்குப் பின்னால் அறிவியல் இருந்ததா, அரசியல் இருந்ததா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்தது, எதையாவது செய்தாக வேண்டும். எப்படியோ, வரம்பு கடுமையானது.

சரி, எங்கள் கணக்கு. அந்த வெள்ளைப் பேனல் சுற்றிலும் சமமாக அலையைக் கொட்டுவதில்லை. லாரியின் ஹெட்லைட் மாதிரி முன்பக்கமாக, மெல்லிய விசிறி போல, லேசாகக் கீழே சாய்த்து அனுப்பும். 20 வாட் கொடுத்தால் அந்தத் திசையில் மட்டும் ஆயிரம் வாட் விளக்கு எரிவது போன்ற பலன். அதற்கு நேர் எதிரே 5 மீட்டரில் நின்றால் சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல், வரம்பைத் தாண்டிவிடும். அதனால்தான் பேனல் முன்னால் போய்த் துணி காயப்போடக் கூடாது. 10 மீட்டரில் 0.8, வரம்பின் விளிம்பு. 50 மீட்டரில் 0.03, முப்பதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அதிலும் கால். தூரம் இரட்டித்தால் அளவு நாலில் ஒன்றாகும், மண்ணெண்ணெய் விளக்கை வைத்துப் படித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பேனல்கள் கூடினால் தூரமும் கூட வேண்டும். அதே உயரத்தில் எதிரே கட்டடம் இருந்தால் ஒரு ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர் இடைவெளி என்று துறையின் வழிகாட்டுதலே சொன்னது.

டவருக்கு நேர் கீழே? விளக்கடியில் இருட்டுத்தான். வாடகை வாங்குகிறவரின் வீட்டுக்கு மிகக் குறைவாகவும், அதே உயரத்தில் எதிரே தள்ளி நிற்கிற மாடிக்குச் சற்று அதிகமாகவும் விழும். எங்கள் வீடு பேனலுக்குப் பக்கவாட்டில், ஒரு மாடி தாழ்வு. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு மூச்சு வந்தது. தெருவுக்கு வரவில்லை. என் காகிதத்தை யார் நம்புவார்கள்?

மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துச் சீட்டு வாங்கினோம். மார்ச் 10 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது, திங்கட்கிழமைக் கூட்டம் நின்றது. அந்த வருஷம் மதுரையில் சித்திரைத் தேரும் தேர்தலும் ஏப்ரல் 18 என்று ஒரே நாளில் விழுந்து, ஊரே அந்தக் குழப்பத்தில் இருந்தது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்புவதற்குள் டவருக்குக் கரண்ட் வந்துவிட்டது. மாமியாருக்கு அது ஓட ஆரம்பித்தது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அப்போதுதான் 'தரங் சஞ்சார்' என்ற அரசுத் தளம் கண்ணில் பட்டது. 2017-இல் தொடங்கியது. உங்கள் பகுதி வரைபடத்தில் எந்தெந்த டவர் யாருடையது, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்போது 4,000 ரூபாய் கட்டினால் நாம் சொல்லும் இடத்தில் வந்து அளந்தார்கள். தெருவில் சொன்னேன். இருபது வீடு, தலைக்கு இருநூறு. மனுவில் கையெழுத்துப் போட அறுபது பேர் வந்தார்கள், இருநூறு ரூபாய்க்குப் பதினேழு வீடுதான் தேறியது. மீதியைத் தலைமையாசிரியர் போட்டார்.

ஜூனில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு பொறியாளர், இரண்டு உதவியாளர்கள். முக்காலி, அதன்மேல் கூம்பு மாதிரி ஒரு ஆன்டெனா, வயர் போய் ஒரு பெட்டியில் முடிகிறது. எங்கள் மாடி, எதிர்வீட்டு மாடி, பையனின் ஜன்னலோரம், பிள்ளையார் கோவில். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிஷம் ஓட விட்டார்கள். தெருவே பின்னால் வந்தது, ஏதோ நிலத்தை அளக்க சர்வேயர் வந்த மாதிரி. எதிர்வீட்டு மாடியில்தான் அதிகம். அதுவே வரம்பில் நூறில் ஒரு பங்கைத் தொடவில்லை. பையனின் ஜன்னலில் அதைவிடக் குறைவு.

யாரும் சந்தோஷப்படவில்லை. "மீட்டர் அவங்களுது, அவங்களுக்குத் தக்கனதான் காட்டும்" என்று ஒரு குரல். பொறியாளர் வயதானவர், இதை நிறைய ஊரில் கேட்டிருப்பார் போல. கோபப்படவில்லை. "யார்கிட்டயாவது பழைய பட்டன் போன் இருக்காங்கய்யா?" என்றார். தாத்தா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூம்புக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து யாருக்காவது போன் போடச் சொன்னார். தாத்தா தன் மகளுக்குப் போட்டார். ரிங் போக ஆரம்பித்ததும் திரையில் ஒரு கோடு விருட்டென்று எழுந்தது. டவர் அலையின் கோடுகளெல்லாம் அதன் காலடியில் புல் மாதிரி தெரிந்தன. "அலோ, அலோ" என்று அந்தப் பக்கம் மகள் கத்த, இந்தப் பக்கம் ஒருவரும் பேசவில்லை.

"இதக் காதுல ஒட்டி வெச்சுத்தான பேசுறோம்," என்றார் பொறியாளர். பிறகு சொன்னதுதான் எனக்குப் புதுசு. டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசும், தூரத்தில் இருந்தால் கத்தும். சந்தையில் நிற்கிற ஆள் மாதிரி. அந்தப் பட்டன் போன் சிக்னல் இல்லாத இடத்தில் 2 வாட்வரை போகும், சிக்னல் நன்றாக இருந்தால் ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்குக்கு இறங்கிவிடும். அதாவது டவரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி விரட்டினால், தலைக்குள் போகிற அலை கூடத்தான் செய்யும். பயமாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள், ஒரு முழம் தள்ளி வைத்தாலே போதும் என்றார்.

அந்தக் கோடு எழுந்த கணத்தில் தெருவின் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் நாலைந்து மாதமாகச் சொன்ன எந்த ஆய்வும் செய்யாததை அது செய்தது. 4,000 ரூபாயும் தெருவுக்கு வெளியிலிருந்து ஒரு மனிதர் வந்து நின்றதும் சேர்ந்து செய்தது. பேனல் மாட்டும் முன்பே இப்படி ஒருவரை அனுப்பியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இப்போதும் எனக்குக் கோபம் உண்டு. டவர் வைப்பவர்கள் மாடிக்காரரோடு மட்டும் ஒப்பந்தம் போடுகிறார்கள். சுற்றி வாழ்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. அப்புறம் மக்கள் பயப்பட்டால் விவரமில்லாதவர்கள் என்று பேர். குவாலியர் வழக்கையும் தேடிப் படித்தேன், அந்த ஆணை அந்த ஒரு டவரை நிறுத்தியது, அவ்வளவே. ஆனால் ஒரு வீட்டு வேலைக்காரர் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் ஒரு டவரைப் பற்றிப் பேச முடிகிறது என்பது எனக்கு அறிவியலைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது.

பொறியாளர் கிளம்பும்போது, சும்மா நின்ற என்னிடம், "அது எப்ப ஓடுது?" என்று காம்பவுண்டு ஓரத்தைக் காட்டினார். ஜெனரேட்டர்.

கரண்ட் போனால் டவர் அணையக் கூடாது என்பதற்காகத் தரையில் ஒரு பச்சைப் பெட்டி வைத்திருந்தார்கள். எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு ஆறடி. அந்தக் கோடையில் ராத்திரி கரண்ட் போன போதெல்லாம் அது இரைந்துகொண்டு எழும். சுவர் அதிரும், எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். புகை நேராக அடுப்படிக்குள். காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுப்பு. பையனுக்கு இருமல் வந்தது அப்போதுதான், நாங்கள் அதையும் டவர் கணக்கில் எழுதியிருந்தோம். குடியிருப்புப் பகுதியில் இரவுச் சத்தத்துக்கு 45 டெசிபல் என்று 2000-ஆம் வருஷத்து விதி இருக்கிறது. டீசல் புகைதான் முதல் வகையில் இருக்கிறதென்று மேலே சொன்னேனே. மாடிக்கும் மேலே ஒலியும் வாசனையும் இல்லாமல் நிற்கிற பெட்டியை அண்ணாந்து பார்த்து நாலைந்து மாதம் சண்டை போட்டோம். ஆறடியில் கண்ணைக் கரிக்க வைத்ததைப் பற்றி மனுவில் ஒரு வரி இல்லை. எழுதியவள் நான்.

இரண்டாவது மனு ஒரு பக்கம்தான். கதிர்வீச்சு என்ற சொல் அதில் கிடையாது. போர்டில் இருந்த புகார் எண் உபயோகத்தில் இல்லை, அடுத்த எண்ணில் ஹிந்தி, மூன்றாவதில் "டிக்கெட் போட்டாச்சு மேடம்". மூன்று மாதம். பழைய சூப்பர்வைசர் தம்பியின் எண் கிடைத்து, அவர் யாரையோ பிடித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் பெட்டியை வீட்டின் மறுபக்கம், காலி மனை ஓரமாக நகர்த்தினார்கள். அதற்கடுத்த வருஷம் அதையும் எடுத்துவிட்டு பேட்டரி வைத்தார்கள். இருமல் அதோடு போயிற்றா, வயது ஏற ஏறத் தானாகப் போயிற்றா, எனக்குச் சொல்லத் தெரியாது.

2022 அக்டோபரில் 5ஜி வந்தது. கொஞ்ச நாளில் அதே கம்பத்தில் இன்னும் குட்டையாக, அகலமாகச் சில பெட்டிகள் ஏறின. இவை அதிக வாட் இழுக்கும், ஆனால் கேட்கிற போன் இருக்கும் பக்கமாகத்தான் அலையைக் குவித்துத் திருப்பும். வேப்பமரத்தடியில் கூட்டம் எதுவும் கூடவில்லை. சட்டம் படித்த தம்பி இப்போது வக்கீல், அவனே வந்து "ஸ்பீடு எவ்ளோ வருதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

என் மாமியார் அந்தக் கூம்பு ஆன்டெனாவையும் எழுந்த கோட்டையும் மறக்கவில்லை. அன்றிலிருந்து போனைக் காதில் வைப்பதே கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து, போனை ஒரு முழம் தள்ளிச் சொம்பின்மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, திருப்பூரில் இருக்கும் மகளோடு பேசுகிறார். சம்பந்தி வீட்டுச் சண்டை, நாத்தனார் நகை, என் சமையலில் உப்பு, எதுவும் பாக்கி இல்லை. எதிர்வீட்டுத் தாத்தா நடுவில் பதில்கூடச் சொல்கிறார். நேற்று பேச்சு சுவாரசியமான இடத்தில் அறுந்துபோனது. மாமியார் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து மாடியை அண்ணாந்து முறைத்தார்.

"இம்புட்டுப் பக்கத்துல நிக்குது. டவர் கிடைக்கலையே."